பழைய தொடர்களும் பண்பாட்டு ஆவணப்படங்களும் இணையத்தில் எங்கே கிடைக்கும்? தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சன் டிவியில் வந்த ‘விடாது கருப்பு’ தொடரை இன்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் திறப்பது பெரும்பாலும் சன் நெக்ஸ்ட் செயலியைத்தான். அந்தச் சேனலில் வந்தது அந்தச் சேனலின் செயலியில்தானே இருக்கும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் அந்தத் தொடரைத் தயாரித்தது இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம். அதனால் அதைத் தேட வேண்டிய இடம் அவருடைய பட நிறுவனமான கவிதாலயாவின் யூடியூப் சேனல். அங்கே சந்தா எதுவும் கட்டாமலே பார்க்கலாம். பழைய நிகழ்ச்சிகளைத் தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை விஷயம் இதுதான்: எந்தச் சேனலில் ஓடியது என்பதைவிட, யார் பணம் போட்டு எடுத்தார்கள், இன்று உரிமை யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். அது தெரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்த மாதிரி.

இந்த வழிகாட்டி தமிழ் சீரியல்கள், தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள், கூத்து, மேடை நாடகம், கலை பண்பாட்டு ஆவணப்படங்கள் ஆகியவற்றைப் பற்றியது. சினிமாவை விட்டுவிட்டேன். அதற்குத் தனி வழிகள் இருக்கின்றன.

முதல் படி: தெரிந்ததை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்

தேடுபெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள். தொடரின் பெயர், சேனல், ஏறக்குறைய எந்த ஆண்டு, யார் நடித்தார்கள், இயக்குநர் யார், டைட்டில் பாட்டின் முதல் வரி, கதை எந்த ஊரில் நடந்தது என்று நினைவில் இருப்பதை எல்லாம் எழுதலாம். பெயர் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. நடிகர் பெயரும் சேனல் பெயரும் இருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஆங்கில விக்கிப்பீடியாவிலும் அந்தந்தச் சேனலின் பழைய நிகழ்ச்சிகளின் பட்டியல் இருக்கிறது. அதை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாலே பெயர் கண்ணில் பட்டுவிடும்.

டைட்டில் பாட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தொடரின் பெயரே பொதுவான சொல்லாக இருக்கும்போது பாட்டுதான் கைகொடுக்கும். ‘சித்தி’ என்று மட்டும் தேடினால் சினிமா வரும், சமையல் வீடியோ வரும், இரண்டாம் பாகமும் வரும். பாட்டின் முதல் வரியைத் தமிழில் தட்டினால் நேராக அந்தத் தொடரில் போய் நிற்கும்.

இந்தத் தாளில் கடைசியாக நிரப்ப வேண்டிய வரி தயாரிப்பு நிறுவனத்தின் பெயர். விக்கிப்பீடியாப் பக்கத்தின் வலப்பக்கப் பெட்டியில் அது இருக்கும். அங்கே இல்லையென்றால், யாராவது ஏற்றியிருக்கும் ஏதோ ஒரு எபிசோடின் டைட்டில் கார்டை நிறுத்திப் பாருங்கள். முதல் அட்டையிலோ கடைசி அட்டையிலோ நிறுவனத்தின் பெயர் வந்துவிடும்.

இரண்டாம் படி: உரிமை யார் கையில்?

தொண்ணூறுகளிலும் அதற்கு அடுத்த பத்தாண்டிலும் தமிழ் சீரியல் உலகம் பெருமளவு ‘ஸ்லாட்’ முறையில் ஓடியது. தயாரிப்பு நிறுவனம் சேனலிடமிருந்து அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கும். அந்த அரை மணிக்குள் வரும் விளம்பர நேரத்தைத் தானே விற்றுக்கொள்ளும். தொடரின் உரிமை பெரும்பாலும் அந்த நிறுவனத்திடமே தங்கிவிடும். இப்படி எடுத்தவர்கள் தங்களிடம் இருந்த டேப்புகளைப் பின்னாளில் யூடியூப்பில் ஏற்றினார்கள். நம் நல்ல காலம், அதில் பெரும்பகுதி இலவசம்.

ராதிகாவின் ராடான் நிறுவனம் எடுத்த ‘சித்தி’ (1999–2001), ‘அண்ணாமலை’, ‘செல்வி’ போன்றவற்றுக்கு ராடானின் யூடியூப் சேனலைப் பாருங்கள். ‘கோலங்கள்’ (2003–2009), ‘தென்றல்’ (2009–2015) இரண்டும் விகடன் டெலிவிஸ்டாஸ் தயாரிப்பு. அவற்றுக்கு விகடனின் சேனல்களில் தேட வேண்டும். திருமுருகன் இயக்கிய ‘நாதஸ்வரம்’ (2010–2015) அவருடைய சொந்த நிறுவனமான திரு பிக்சர்ஸ் எடுத்தது, அதற்கு ‘திரு டிவி’ என்ற சேனல் இருக்கிறது. ஆனால் அதே திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ (2002–2005) சினி டைம்ஸ் தயாரிப்பு. இயக்குநர் ஒருவரே என்றாலும் உரிமையாளர் வேறு, ஆகவே தேட வேண்டிய இடமும் வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல்தான் நிறைய பேர் தேடிச் சலித்துப்போய் ‘அது இணையத்திலேயே இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

சேனலே தன் பணத்தில் எடுத்த, அல்லது சம்பளம் பேசி எடுக்கவைத்த தொடர்களுக்கு நிலைமை வேறு. உரிமை சேனலிடம் இருப்பதால் அவை அந்தக் குழுமத்தின் ஓடிடி தளத்துக்குப் போகும். சன் குழுமத்துக்கு 2017இல் தொடங்கிய சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. ஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவுடன் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. ஆகவே பழைய ஹாட்ஸ்டார் இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் தொடரே போய்விட்டது என்று நினைக்காமல், புதிய செயலிக்குள் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

சந்தா கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பெரும்பாலான தளங்களில் பணம் கட்டாமலே ஒரு தொடரின் எபிசோட் பட்டியலைப் பார்க்கலாம். முதல் எபிசோட் இருக்கிறதா, கடைசி எபிசோட் இருக்கிறதா, நடுவில் எண்கள் தாவுகின்றனவா என்று பாருங்கள். பழைய தொடர்களில் முதல் நூறு எபிசோட் இல்லாமல் நடுவிலிருந்து தொடங்கும் பட்டியல்களும் உண்டு. திருப்தியாக இருந்தால்தான் கட்ட வேண்டும். ஒரே தொடருக்காகக் கட்டுகிறீர்கள் என்றால், குறுகிய காலத் திட்டம் இருக்கும்போது ஆண்டுச் சந்தா எடுப்பதில் அர்த்தமில்லை.

ஜஸ்ட்வாட்ச் என்ற தளம் ‘எந்தப் படம் எந்த ஓடிடியில்’ என்று காட்டும். சினிமாவுக்கும் புதிய வெப் தொடர்களுக்கும் நல்லது. இருபது, முப்பது வருடத்துக்கு முந்தைய தமிழ் சீரியலுக்கு அதை நம்பி உட்கார வேண்டாம். நமக்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை தயாரிப்பாளர்களின் யூடியூப் சேனல்களில் இருக்கின்றன. அந்தத் தளம் கணக்கெடுப்பது ஓடிடிகளை.

மூன்றாம் படி: யூடியூப்பில் முறையாகத் தேடுவது

முதலில் தமிழ் எழுத்தில் தேடுங்கள், அப்புறம் ஆங்கில எழுத்தில். இரண்டுக்கும் வரும் முடிவுகள் வேறுவேறாக இருக்கும். ஆங்கில எழுத்தில் தேடும்போது ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ‘விடாது’ என்பதன் கடைசி எழுத்தை du, dhu, thu என்று பலவாறு எழுதுகிறவர்கள் உண்டு. ‘ஆ’ ஒலிக்கு ஒரு ஏ, இரண்டு ஏ என்று இரண்டு வழக்கமும் இருக்கிறது. ழகரம் வரும் பெயர் என்றால் இசட்-எச், எல் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். நான்கு விதமாகத் தட்டிப் பார்க்காமல் கைவிடக் கூடாது.

பெயருக்குப் பின்னால் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைச் சேருங்கள். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்றொடர் அப்படியே வரும் முடிவுகள் மேலே வரும். வேண்டாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், அதன் பெயருக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போடுங்கள். ‘சித்தி 2’ மாதிரி இரண்டு சொல் பெயர் என்றால் முழுப் பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்து, அதற்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கலாம்.

முடிவுகள் வந்ததும் வடிகட்டியைத் திறந்து ‘பிளேலிஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட தொடர்களுக்கு இது மிக முக்கியம். ‘கோலங்கள்’ மாதிரி 1,500 எபிசோடுகளைத் தாண்டிய தொடரை ஒவ்வொரு வீடியோவாகத் தேடிப் பார்ப்பது நடக்காத காரியம். சேனலே போட்டிருக்கும் பிளேலிஸ்ட் இருந்தால் அதைச் சேமித்துக்கொண்டு வரிசையாகப் பார்க்கலாம். பிளேலிஸ்ட் தலைகீழாக, கடைசி எபிசோடிலிருந்து அடுக்கப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். சேனலின் முகப்புக்குப் போய் வீடியோ பகுதியில் ‘பழையது முதலில்’ என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அசல் சேனலா, யாரோ திருடி ஏற்றியதா என்று எப்படித் தெரியும்? படம் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கடையின் பெயர்ப் பலகை, பேருந்தின் ஊர்ப் பெயர் திரும்பித் தெரிந்தால் அது திருட்டுப் பதிவு. படத்தைச் சுருக்கிச் சுற்றிலும் பூப்போட்ட சட்டம் போடுவது, குரல் சற்றுக் கீச்சென்று கேட்கும்படி வேகத்தை ஏற்றுவது, டைட்டில் பாட்டை வெட்டிவிடுவது எல்லாம் யூடியூப்பின் தானியங்கிக் காப்புரிமைச் சோதனையிலிருந்து தப்பிக்கச் செய்யும் வேலைகள். இப்படிப்பட்ட பதிவுகள் எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படும். பாதிக் கதையில் விடப்பட்டு நிற்பதைவிட, உரிமையாளரின் சேனலைத் தேடிப் பிடிப்பது மேல். அதோடு, விளம்பர வருமானம் எடுத்தவர்களுக்குப் போனால்தான் மீதி டேப்புகளையும் தூசு தட்டி ஏற்ற அவர்களுக்கு மனம் வரும். இதை ஒரு பார்வையாளர் செய்யக்கூடிய உண்மையான உதவி என்றே நினைக்கிறேன்.

‘முழுத் தொடரும் டவுன்லோட்’ என்று சொல்லிச் செயலியை நிறுவச் சொல்லும் பக்கங்களையும், கார்டு விவரம் கேட்கும் பக்கங்களையும் தொடவே தொடாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அந்தக் காலத் தொடர்கள் எல்லாம் பழைய டிவியின் 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலமான டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்துவிடாதீர்கள். முகங்கள் சப்பையாகி நடிப்பே கெட்டுவிடும். டிவியின் பட அமைப்பில் ‘அசல் அளவு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். தெளிவு குறைவாக இருந்தால் பெரிய டிவியைவிடக் கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ பார்ப்பது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

நான்காம் படி: தூர்தர்ஷன் காலத்துக்குப் போவது

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தனியார் சேனல்கள் வரும்வரை தமிழ் வீடுகளின் ஒரே திரை அதுதான். இதில் தேடும்போது பெயர்க் குழப்பம் வரும். ஒரே நிலையம் காலத்துக்குக் காலம் சென்னைத் தொலைக்காட்சி, டிடி-5, பொதிகை என்று அழைக்கப்பட்டு, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் ஆகிவிட்டது. ஆகவே நாடகத்தின் பெயரோடு ‘பொதிகை’ என்றும் ‘டிடி தமிழ்’ என்றும் ‘தூர்தர்ஷன்’ என்றும் தனித்தனியாகச் சேர்த்துத் தேட வேண்டும்.

தேசிய ஒளிபரப்பில் வந்தவற்றுக்கு முக்கியமான இடம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் ‘பிரசார் பாரதி ஆர்க்கைவ்ஸ்’ என்ற யூடியூப் சேனல். அங்கே தொடர்கள் மட்டுமல்ல, பழைய கச்சேரிகள், நாட்டியப் பதிவுகள், நேர்காணல்கள் எல்லாம் இருக்கின்றன. அதற்கு அடுத்தது 2024 நவம்பர் 20 அன்று பிரசார் பாரதி தொடங்கிய ‘வேவ்ஸ்’ ஓடிடி. பழைய தூர்தர்ஷன் தொடர்கள்தான் அதன் முதல் ஈர்ப்பு.

நான் யாருக்கும் முதலில் சிபாரிசு செய்வது ஷ்யாம் பெனகல் இயக்கிய ‘பாரத் ஏக் கோஜ்’. நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ நூலை வைத்து 1988இல் வந்த 53 பகுதிகள். தொடராகவும் ஆவணப்படமாகவும் நாடகமாகவும் ஒரே நேரத்தில் இயங்கும் படைப்பு அது. சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் தனிப் பகுதிகள் உண்டு, சோழப் பேரரசுக்கும் உண்டு. கண்ணகி கதையை ஒரு வடநாட்டு நாடகக் குழு எப்படி நடித்துக் காட்டுகிறது என்பதைப் பார்ப்பதற்காகவே நேரம் ஒதுக்கலாம். இது தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்டது என்பதால் பிரசார் பாரதி சேனலில் தேடினால் கிடைக்கும்.

ஆனால் தூர்தர்ஷனில் ஓடிய எல்லாமே தூர்தர்ஷனுடையவை அல்ல. அங்கும் தனியார் தயாரிப்பாளர்கள் விளம்பரதாரர்களைப் பிடித்து எடுத்த தொடர்கள் நிறைய. 1987 ஜனவரியில் தொடங்கிய ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ சாகர் குடும்ப நிறுவனத்துடையது. அவர்களுடைய ‘திலக்’ என்ற யூடியூப் சேனலைப் பார்க்க வேண்டும். 1988இல் தொடங்கிய ‘மகாபாரத்’ பி.ஆர். சோப்ராவின் தயாரிப்பு. மறுபடியும் அதே கேள்விதான்: எடுத்தது யார்?

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம். பல நாட்டுத் தொலைக்காட்சி நிலையங்களிலும் பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் புதியதைப் பதிவு செய்வது சாதாரணமாக நடந்தது. சென்னைத் தொலைக்காட்சியில் வந்த அரை மணி, ஒரு மணி நாடகங்களில் பல இன்று எங்கும் அகப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல நடிகர்கள், நல்ல எழுத்தாளர்கள் உழைத்த நாடகங்கள் அவை. அவற்றில் ஏதாவது ஒன்று வீட்டு விசிஆர் கேசட்டில் பதிவாகி இருந்தால் அது பொக்கிஷம். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால் பூஞ்சை பிடிப்பதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள். திருமண வீடியோக்களை மாற்றித் தரும் ஸ்டூடியோக்களிலேயே இந்த வேலையைச் செய்வார்கள். பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் கேசட்டை ஓட்டிப் பார்க்காமல் நேராக அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஓட்டினால் டேப்பும் கெடும், பிளேயரின் ஹெட்டும் கெடும்.

ஐந்தாம் படி: கூத்தும் நாடகமும்

பழைய நாடகம் என்றால் சீரியல் மட்டும்தானா? விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தும், சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வரும் இசை நாடகமும் இன்று யூடியூப்பில் நம்ப முடியாத அளவுக்குக் குவிந்து கிடக்கின்றன. ஊர்த் திருவிழாவில் உள்ளூர் வீடியோக்காரர்கள் முழு இரவையும் பதிவு செய்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். எந்த ஆவணக் காப்பகமும் இந்த அளவுக்குச் சேகரித்ததில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இவற்றைத் தேட ‘தெருக்கூத்து’ என்ற பொதுச் சொல் போதாது. கதையின் பெயரைச் சொல்லித் தேட வேண்டும். ‘கர்ண மோட்சம்’, ‘அபிமன்யு சண்டை’, ‘அர்ச்சுனன் தபசு’, ‘பதினெட்டாம் போர்’ என்று தட்டிப் பாருங்கள். வட மாவட்டங்களின் ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், வரிசையாக வரும். ஒரு குழு பிடித்துவிட்டால் அந்தக் குழுவின் பெயரோடு ‘நாடக மன்றம்’, ‘நாடக சபா’ என்று சேர்த்துத் தேடினால் அவர்களுடைய மற்ற இரவுகளும் கிடைக்கும். புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் பெயரில் தேடினால், கூத்தோடு அதைப் பற்றிய நேர்காணல்களும் விளக்கங்களும் வரும். கூத்துக்குப் புதியவர்கள் அங்கே தொடங்குவது நல்லது. தென் மாவட்ட இசை நாடகத்துக்கு ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘அரிச்சந்திர மயான காண்டம்’. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கலைஞர்களின் தர்க்கப் பாட்டுகளைக் கேட்க ‘வள்ளி நாரதர் தர்க்கம்’ என்றே தேடலாம்.

மட்டக்களப்பின் கூத்துகளுக்கு ‘வடமோடி’, ‘தென்மோடி’ என்ற இரண்டு பாணிகளின் பெயர்களே தேடுசொற்கள். இவற்றோடு ஈழத்துப் பண்பாட்டு ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ தளத்தை அவசியம் பாருங்கள். வாய்மொழி வரலாறுகள், ஒலி, ஒளிப்பதிவுகள், புகைப்படங்கள் என்று பொறுமையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் வசந்தம் தொலைக்காட்சி நாடகங்களுக்கு ‘மீவாட்ச்’ தளம். அதில் சில நிகழ்ச்சிகள் சிங்கப்பூருக்குள் மட்டும்தான் திறக்கும்.

சபா நாடகங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குழுவின் பெயர், நாடகத்தின் பெயர் இரண்டையும் சேர்த்தால் வந்துவிடும். ஒலி மட்டும் உள்ள பழைய கேசட் பதிவுகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். வசனத்தால் நிற்கும் நாடகங்களுக்கு அதுவே போதும்.

ஆறாம் படி: ஆவணப்படங்கள்

தியேட்டரில் படம் போடுவதற்கு முன்னால் காட்டிய ‘நியூஸ் ரீல்’ நினைவிருக்கிறதா? அவற்றை எடுத்த ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948இல் தொடங்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன், அதாவது என்எஃப்டிசியுடன், இணைக்கப்பட்டது. புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இப்போது அதே குடையின் கீழ்தான். ஆகவே தேடும்போது பழைய பெயரிலும் புதிய பெயரிலும் தேடுங்கள். யூடியூப்பில் ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்கள் ஏராளம். ஒரே படத்தைப் பல மொழிகளில் குரல் கொடுத்து வெளியிடுவது அவர்கள் வழக்கம் என்பதால், ஆங்கிலப் பதிப்பு கிடைத்தாலும் தமிழ்ப் பதிப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அரசாங்கப் படம் என்றால் அணைக்கட்டும் ஐந்தாண்டுத் திட்டமும்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஓவியர் எம்.எஃப். ஹுசைன் 1967இல் இவர்களுக்காக எடுத்த ‘த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்’ பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி வாங்கியது. ராஜஸ்தானின் தெருக்களை ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் காட்டும் படம். இந்துஸ்தானிப் பாடகி சித்தேஸ்வரி தேவியைப் பற்றி மணி கௌல் 1989இல் எடுத்த ‘சித்தேஸ்வரி’யும் இங்கே வந்ததுதான். சத்யஜித் ராயின் ‘ரவீந்திரநாத் தாகூர்’ (1961), பார்வையிழந்த ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி பற்றிய ‘தி இன்னர் ஐ’ (1972) இரண்டும் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்புகள்.

ஆனால் அதே ராய், நம் டி. பாலசரஸ்வதியைப் பற்றி 1976இல் எடுத்த ‘பாலா’வை ஃபிலிம்ஸ் டிவிஷன் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் தமிழ்நாடு அரசும், மும்பையின் தேசிய நிகழ்கலை மையமும். பரதநாட்டியம் பார்க்கிற யாரும் தவறவிடக் கூடாத அரை மணி நேரம் அது. இப்படிப் படத்துக்குப் படம் பணம் போட்டவர் மாறுவதால், ஆவணப்படத்திலும் முதலில் பார்க்க வேண்டியது டைட்டில் கார்டுதான்.

அடுத்து, புதுதில்லியின் சங்கீத நாடக அகாதெமி. 1953 முதல் இயங்கும் இந்த நிறுவனத்திடம் நாட்டின் மிகப் பெரிய இசை, நடனப் பதிவுத் தொகுப்புகளில் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதி யூடியூப்பில் உள்ளது. கலைஞரின் பெயர், கலை வடிவத்தின் பெயர், ‘எஸ்என்ஏ’ என்ற சுருக்கம் மூன்றையும் போட்டுத் தேடுங்கள். இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் சேனலில் சடங்குகள், கோயில் கலைகள் பற்றிய படங்கள் கிடைக்கும். சாகித்திய அகாதெமி எழுத்தாளர்களைப் பற்றி எடுத்த படங்களில் தமிழ் எழுத்தாளர்களும் உண்டு. எழுத்தாளரின் பெயரோடு அகாதெமியின் பெயரைச் சேர்த்தால் போதும். 2000இல் தொடங்கிய பிஎஸ்பிடி என்ற பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை, தனித்து இயங்கும் இயக்குநர்களுக்குப் பணம் கொடுத்து எடுக்கவைத்த நூற்றுக்கணக்கான படங்களைத் தன் சேனலில் முழுமையாக ஏற்றியிருக்கிறது. வெவ்வேறு இயக்குநர்களின் படங்களை ஒரே இடத்தில் பார்க்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் ‘பண்பாட்டுக் காட்சியகம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. கோயில்கள், திருவிழாக்கள், நாட்டார் கலைகள் பற்றிய சிறு சிறு ஒளிக்காட்சிகள். பழைய பாணித் தளம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்கு மிகவும் பயன்படும். கலை, பண்பாட்டுக்கான இணையக் களஞ்சியமான சகாபீடியா தளத்தில் கட்டுரையும் கலைஞர்களின் ஒளிப்பதிவு நேர்காணலும் சேர்ந்தே இருக்கும்.

யுனெஸ்கோவின் இணையதளத்தை யாரும் நினைப்பதில்லை. அதன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் உள்ள கலைகளுக்கு, விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சுமார் பத்து நிமிடப் படங்கள் அங்கே கிடைக்கும். கூடியாட்டம், வேத பாராயணம், ராம்லீலா, முடியேற்று என்று ஒரு மாலையில் பலவற்றைப் பார்த்துவிடலாம். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க நல்ல நீளம்.

வெள்ளைக்காரர் காலத்து ஊர்களைப் பார்க்க வேண்டும் என்றால், பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014இல் 85,000 செய்திப்படங்களை யூடியூப்பில் திறந்துவிட்டது. ‘மெட்ராஸ்’, ‘சிலோன்’ என்று அந்தக் காலப் பெயர்களில் தேடுங்கள். ‘சென்னை’, ‘ஸ்ரீலங்கா’ என்று தேடினால் பலதும் தப்பிவிடும்.

தனி இயக்குநர்கள் எடுத்த படங்கள்தான் கொஞ்சம் சிரமம். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த படம் 2015ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த கலை, பண்பாட்டுப் படமாகத் தேர்வானது. இந்த மாதிரிப் படங்கள் பெரும்பாலும் திரையிடல்கள், டிவிடி, இயக்குநரின் சொந்தச் சேனல் என்ற வழியில்தான் புழங்கும். தேசிய விருதுப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘கலை, பண்பாட்டுப் படம்’ என்ற பிரிவில் ஆண்டு ஆண்டாகப் பெயர்களை எடுத்துத் தேடுவது நல்ல பழக்கம். எதைத் தேட வேண்டும் என்றே தெரியாதவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் வழிகாட்டி.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தையும் விட்டுவிடாதீர்கள். காப்புரிமைக் காலம் முடிந்த படங்களைத் தரவிறக்கியே வைத்துக்கொள்ளலாம். இந்தியச் சட்டப்படி ஒரு படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. 1961இல் வந்த படத்துக்கு அது 2021 முடிவோடு தீர்ந்துவிட்டது.

கிடைக்கவில்லை என்றால்

பழைய யூடியூப் இணைப்பு ஒன்று கையில் இருக்கிறது, திறந்தால் ‘வீடியோ இல்லை’ என்கிறது. அந்த இணைப்பின் கடைசியில் 11 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். அதை மட்டும் வெட்டியெடுத்துக் கூகுளில் மேற்கோள் குறிக்குள் தேடுங்கள். வேறு எங்காவது யாராவது அந்த இணைப்பைத் தலைப்போடு பகிர்ந்திருந்தால் வீடியோவின் முழுப் பெயர் தெரிந்துவிடும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முழு இணைப்பையும் ஒட்டினால் சில நேரம் பழைய பக்கமே, தலைப்பும் ஏற்றியவர் பெயருமாக வரும். பெயர் தெரிந்தால் மறுபடி மூன்றாம் படிக்குப் போகலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று வந்தால், அதே தொடர் உரிமையாளரின் யூடியூப் சேனலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிடியில் பூட்டியிருப்பது அங்கே பெரும்பாலும் திறந்திருக்கும்.

எங்கும் இல்லை என்றால் உரிமையாளருக்கே எழுத வேண்டும். சேனலின் ‘அறிமுகம்’ பகுதியிலும் நிறுவனத்தின் இணையதளத்திலும் மின்னஞ்சல் முகவரி இருக்கும். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். தொடரின் சரியான பெயர், ஒளிபரப்பான ஆண்டு, இயக்குநர், எந்த எபிசோடிலிருந்து எந்த எபிசோடு வரை விடுபட்டிருக்கிறது, பணம் கட்டிப் பார்க்கவும் தயார் என்ற தகவல், இவை போதும். பிரசார் பாரதிக்கு எழுதுவதானால் ஒளிபரப்பான நிலையத்தின் பெயரையும் தெரிந்தால் தேதியையும் சேருங்கள். டேப்புகளை அவற்றை வைத்துத்தான் தேடுவார்கள். பிரசார் பாரதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி காப்பகத்தில் இருக்கிறதா இல்லையா என்று அந்தச் சட்டத்தின்படியும் விண்ணப்பிக்கலாம். ஒரு மனுவில் ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் கேளுங்கள். பத்து நிகழ்ச்சிகளைச் சேர்த்துக் கேட்டால் பொதுவான ஒரு வரிப் பதில்தான் வரும்.